போர்க்காலக் கம்பளிப் பின்னல்

போர்க்காலக் கம்பளிப் பின்னல் என்பது போர்முனையில் உள்ள படைவீரர்களுக்காகக் குல்லாய், காலுறை, கையுறை, கழுத்துத்துண்டு போன்ற கம்பளி உடுப்புகளைப் பொதுமக்கள் கையால் பின்னி அனுப்பும் வழக்கத்தைக் குறிக்கும். இப்பணியில் பெரும்பாலும் பெண்களே ஈடுபட்டனர். பள்ளிச் சிறுவர் சிறுமியர், முதியோர், மருத்துவமனைகளில் தேறி வந்த காயமுற்ற வீரர்கள் ஆகியோரும் பங்கேற்றுள்ளனர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிகழ்ந்த கிரீமியப் போர் முதல் இரண்டாம் உலகப் போர் வரை ஐரோப்பா, வட அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய இடங்களில் இது பெரும் இயக்கமாக நடைபெற்றது. 1962ஆம் ஆண்டின் இந்திய-சீனப் போரின்போது இந்தியாவிலும் இவ்வழக்கம் காணப்பட்டது.

இவ்வரலாற்றில் மீண்டும் மீண்டும் தோன்றும் கூறு ஒன்று உண்டு. போர் குளிர்காலத்துக்குள் முடிந்துவிடும் என்று அரசு கணக்கிடுகிறது, அல்லது படை திடீரெனப் பல மடங்கு பெருகுகிறது. உடுப்பு வழங்கல் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் போகிறது. அந்த இடைவெளியை வீடுகளில் உள்ள பின்னலூசிகள் ஓரளவு நிரப்புகின்றன. எனவே போர்க்காலப் பின்னலின் வரலாறு மக்களின் பரிவைக் காட்டும் வரலாறாகவும், படை வழங்கல் தவறிய இடங்களைச் சுட்டும் வரலாறாகவும் அமைகிறது.

பெயரும் வகைகளும்

அரசு முறையாக வழங்கும் சீருடைக்கு மேலதிகமாக வீரர்களுக்கு அனுப்பப்படும் பொருட்கள் ஆங்கிலத்தில் கம்ஃபர்ட்ஸ் (ஆறுதல் பொருட்கள்) என வழங்கப்பட்டன. புகையிலை, இனிப்பு, சவர்க்காரம் போன்றவையும் இவற்றுள் அடங்கும். எனினும் எண்ணிக்கையிலும் உழைப்பிலும் கம்பளிப் பொருட்களே முதன்மையானவை. அவற்றுள் முக்கியமானவை வருமாறு:

- பலக்லாவா குல்லாய்: தலை, காது, கழுத்து ஆகியவற்றை முழுவதும் மூடி, முகத்துக்கு மட்டும் திறப்பு விடப்பட்ட குல்லாய். இந்தியாவில் இது மங்கி கேப் என்றும், தமிழில் குரங்குக் குல்லாய் என்றும் அறியப்படுகிறது.
- குழாய்க் குல்லாய்: இரு முனைகளும் மூடப்பட்ட நீண்ட பின்னல் குழாய். ஒரு முனையை மற்றொன்றினுள் செருகி மடித்தால் குல்லாயாகும், நீட்டினால் கழுத்துத்துண்டாகும்.
- காலுறை: மிக அதிகமாகப் பின்னப்பட்ட பொருள். கடற்படையினருக்கும் வணிகக் கப்பல் மாலுமிகளுக்கும் முழங்கால் வரை நீளும் தடித்த காலுறைகள் எண்ணெய்ப் பசை நீக்கப்படாத கம்பளியில் பின்னப்பட்டன.
- மணிக்கட்டுறை, விரலில்லாக் கையுறை: விரல் நுனிகளைத் திறந்து விடுவதால் துப்பாக்கியை இயக்க ஏற்றவை.
- கழுத்துத்துண்டு (மஃப்ளர்): புதிதாகப் பின்னக் கற்போருக்குப் பெரும்பாலும் இதுவே கொடுக்கப்பட்டது.
- வயிற்றுப்பட்டை: இடுப்பையும் வயிற்றையும் சுற்றி அணியும் அகன்ற பட்டை.

இவற்றுள் வயிற்றுப்பட்டை இந்தியாவோடு தொடர்புடையது. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த பிரித்தானியப் படையினரிடையே இது காலராப் பட்டை என வழங்கப்பட்டது. வயிறு குளிர்ந்தால் காலரா வரும் என்று அக்காலத்தில் நம்பப்பட்டதே இதற்குக் காரணம். 1854இல் இலண்டனில் ஜான் ஸ்னோ காலரா குடிநீர் வழியே பரவுவதைக் காட்டினார். 1883-84இல் ராபர்ட் கோக் எகிப்திலும் கல்கத்தாவிலும் ஆய்ந்து நோய்க்கிருமியை இனங்கண்டார். அதன் பின்னரும் பல பத்தாண்டுகளுக்கு இப்பட்டை படைகளில் வழக்கில் இருந்தது.

கம்பளியும் பின்னலும்

நெசவில் பாவு நூலும் ஊடை நூலும் ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கின்றன. பின்னலில் ஒரே நூல் வளைந்து கண்ணிகளாகிறது. ஒரு வரிசைக் கண்ணிகளின் ஊடாக அடுத்த வரிசைக் கண்ணிகள் இழுக்கப்படுகின்றன. இக்கண்ணிகள் நீளவும் சுருங்கவும் வல்லவை. ஆகையால் பின்னப்பட்ட துணி தலை, குதிகால், மணிக்கட்டு போன்ற வளைந்த உறுப்புகளை இறுகப் பற்றுகிறது. ஒரே அளவில் செய்த குல்லாய் பல அளவுத் தலைகளுக்குப் பொருந்துவதும் இதனாலேயே.

கம்பளி இழை இயற்கையாகவே சுருண்டிருப்பதால் இழைகளுக்கிடையே காற்று தங்குகிறது. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்வாங்கிய பின்னரும் தொடுவதற்கு ஈரமாகத் தோன்றாது. ஈரத்தை உள்வாங்கும்போது சிறிதளவு வெப்பத்தையும் வெளியிடுகிறது. மேலும் கம்பளி எளிதில் தீப்பற்றுவதில்லை. உருகித் தோலில் ஒட்டுவதுமில்லை. இவ்வியல்புகள் அனைத்தும் போர்முனையில் பயன்படுபவை. சூடான நீரில் கசக்கித் துவைத்தால் இழைகள் ஒன்றோடொன்று சிக்கிச் சுருங்குவது இதன் முக்கியக் குறை.

பலக்லாவா குல்லாய் பொதுவாகக் கழுத்திலிருந்து தொடங்கி நான்கு ஊசிகளில் வட்டமாகப் பின்னப்படுகிறது. நேர்க்கண்ணிகளும் எதிர்க்கண்ணிகளும் இரண்டிரண்டாக மாறி வருவதால் கழுத்துப் பகுதி மீள்தன்மை பெறுகிறது. முகம் வரும் இடத்தில் சில கண்ணிகள் தனியே நிறுத்தி வைக்கப்பட்டு, எஞ்சியவை முன்னும் பின்னுமாகப் பின்னப்படுகின்றன. உச்சிப் பகுதி காலுறையின் குதிகாலைப் போன்றே திருப்பப்படுகிறது. இறுதியில் திறப்பின் விளிம்பைச் சுற்றிலும் கண்ணிகளை எடுத்து முகப்பட்டை பின்னப்படும். எனவே காலுறை பின்னத் தெரிந்த எவரும் இக்குல்லாயைப் பின்ன முடிந்தது. இது விரைவாகப் பரவ இந்த ஒற்றுமையும் துணைசெய்தது.

உடல் வெப்பத்தில் பாதி தலை வழியாக வெளியேறுகிறது என்ற கருத்து பரவலாக உள்ளது. இது சரியன்று. தலை ஏறத்தாழ தன் பரப்பளவின் விகிதத்துக்கு ஏற்பவே, அதாவது பத்தில் ஒரு பங்கு அளவிலேயே, வெப்பத்தை இழக்கிறது. ஆனால் காது, மூக்கு, கன்னம் ஆகியவை பனிக்கடிக்கு எளிதில் உள்ளாகும் உறுப்புகள். அவற்றைக் காப்பதே குல்லாயின் முதன்மைப் பயன்.

கிரீமியப் போர்

கிரீமியப் போரில் (1853-1856) பிரித்தானியா, பிரான்சு, உதுமானியப் பேரரசு, சார்டினியா ஆகியவை ரஷ்யப் பேரரசை எதிர்த்துப் போரிட்டன. 1854 செப்டம்பரில் நேசப்படைகள் கிரீமியக் குடாநாட்டில் இறங்கின. செவஸ்தபோல் கோட்டை சில வாரங்களில் வீழும் என்று எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் முற்றுகை 1855 செப்டம்பர் வரை நீடித்தது.

பிரித்தானியப் படையின் வழங்கல் துறைமுகம் பலக்லாவா என்னும் சிற்றூரில் இருந்தது. 1854 அக்டோபர் 25 அன்று அங்கு நடந்த போரே பலக்லாவாப் போர் எனப்படுகிறது. அதே ஆண்டு நவம்பர் 14 அன்று வீசிய கடும் புயலில் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த பல கப்பல்கள் மூழ்கின. அவற்றுள் பிரின்ஸ் என்னும் கப்பல் பெருமளவு குளிர்கால உடுப்புகளை ஏற்றி வந்திருந்தது. அது சரக்குடன் கடலில் மூழ்கியது. அதன் பின் வந்து சேர்ந்த பொருட்களையும் உடனே பயன்படுத்த முடியவில்லை. துறைமுகத்திலிருந்து சில மைல் தொலைவில் மேட்டுநிலத்தில் இருந்த முகாம்களுக்குச் செல்லும் பாதை சேறாகிவிட்டது. சுமை இழுக்கும் விலங்குகள் தீனியின்றி இறந்தன. கரையில் பொருட்கள் தேங்கிக் கிடக்க, முகாம்களில் வீரர்கள் கோடைக்காலச் சீருடையின் கந்தல்களில் நடுங்கினர். இப்போரில் களத்தில் கொல்லப்பட்ட பிரித்தானிய வீரர்களைக் காட்டிலும் நோயால் இறந்தோர் பல மடங்கினர்.

இந்நிலையை த டைம்ஸ் செய்தியாளர் வில்லியம் ஹாவர்ட் ரசல் செய்திகளாக அனுப்பினார். பிரித்தானியாவில் எழுந்த கொந்தளிப்பு இரு விளைவுகளைத் தந்தது. ஒன்று, நாடாளுமன்றம் விசாரணை கோரியதைத் தொடர்ந்து 1855 சனவரியில் பிரதமர் அபெர்தீன் பிரபுவின் அரசு பதவி விலகியது. மற்றொன்று, மக்கள் நன்கொடை திரட்டியும் கம்பளி உடுப்புகளைப் பின்னியும் அனுப்பத் தொடங்கினர். 1855ஆம் ஆண்டின் தொடக்கத்தில் துறைமுகத்திலிருந்து முகாம் நோக்கி இருப்புப்பாதை அமைக்கப்பட்ட பின்னரே வழங்கல் சீரடைந்தது.

பலக்லாவா என்னும் பெயர்

இக்குல்லாய்க்குக் கிரீமியப் போரின்போதே பலக்லாவா என்னும் பெயர் இருந்ததாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனால் பலக்லாவா குல்லாய் என்ற ஆங்கிலச் சொல்லாட்சி அச்சில் காணப்படுவது 1880களில் இருந்தே, அதாவது போர் முடிந்து ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழிந்த பின்னரே ஆகும். பின்னல் வரலாற்றை விரிவாக ஆராய்ந்த ரிச்சர்ட் ரட், 1987இல் வெளியான தம் நூலில் இதை எடுத்துக்காட்டியுள்ளார். தலையையும் கழுத்தையும் மூடும் குல்லாய்கள் அதற்கு முன்பே வேறு பெயர்களில் இருந்தன.

அதே போரோடு தொடர்புடைய வேறு இரு உடைப் பெயர்களும் உண்டு. முன்புறம் திறந்த கம்பளி மேற்சட்டையான கார்டிகன், பலக்லாவாவில் இலகு குதிரைப்படையின் தாக்குதலை நடத்திய 7ஆம் கார்டிகன் பிரபுவின் பெயரைப் பெற்றது. ராக்லன் எனப்படும் கைவைப்பு முறை, பிரித்தானியப் படைத்தலைவர் ராக்லன் பிரபுவின் பெயரால் வழங்குகிறது. குளிரில் விறைத்து மாண்ட வீரர்களை ஒரு துறைமுகத்தின் பெயரும், அவர்களின் தலைவர்களை அவரவர் பெயர்களும் ஆடை வடிவில் நினைவூட்டுகின்றன.

1861 முதல் 1902 வரை

அமெரிக்க உள்நாட்டுப் போரின் (1861-1865) தொடக்கத்தில் வட மாநிலங்களில் உள்ளூர்ப் பெண்கள் சங்கங்கள் தனித்தனியே காலுறைகளையும் போர்வைகளையும் அனுப்பின. 1861இல் நிறுவப்பட்ட ஐக்கிய அமெரிக்க நலவாழ்வு ஆணையம் இவற்றைத் திரட்டி, வகைப்படுத்தி, தேவைப்படும் இடங்களுக்கு அனுப்பும் பொறுப்பை ஏற்றது. தனிப்பட்ட அன்பளிப்பை முறைப்படுத்திய வழங்கலாக மாற்றிய முன்னோடி முயற்சிகளில் இது ஒன்று. தென் மாநிலங்கள் கடல் முற்றுகையால் கம்பளித் தட்டுப்பாட்டுக்கு உள்ளாயின. அங்கும் பெண்கள் கிடைத்த நூலைக் கொண்டு பின்னினர்.

இரண்டாம் போயர் போரின்போது (1899-1902) பிரித்தானிய அரசி விக்டோரியா தம் கையால் எட்டுக் கழுத்துத்துண்டுகளைச் செய்தார். இவை கொக்கி ஊசியால் பின்னப்பட்டவை. 1900ஆம் ஆண்டில் இவை துணிவுடன் பணியாற்றிய சாதாரண நிலை வீரர்களுக்கு அளிக்கப்பட்டன. கனடாவைச் சேர்ந்த ரிச்சர்ட் ரோலண்ட் தாம்சன் பெற்ற துண்டு கனடியப் போர் அருங்காட்சியகத்தில் உள்ளது.

முதலாம் உலகப் போர்

பிரித்தானியா

1914 ஆகத்தில் போர் தொடங்கியபோது பிரித்தானியாவின் நிரந்தரப் படை சிறியது. போர் அமைச்சர் கிச்சனர் பிரபுவின் அழைப்பை ஏற்றுச் சில மாதங்களிலேயே இலட்சக்கணக்கானோர் சேர்ந்தனர். பின்னல் இயந்திரம் புதிதன்று. வில்லியம் லீ 1589இலேயே காலுறைப் பின்னல் சட்டத்தை உருவாக்கியிருந்தார். இருப்பினும் இருந்த ஆலைகளால் திடீர்த் தேவையை உடனடியாக ஈடுசெய்ய இயலவில்லை. பின்னலூசி ஏறத்தாழ எல்லா வீடுகளிலும் இருந்தது. பெண்களுக்குப் பின்னல் பள்ளியிலேயே கற்பிக்கப்பட்டிருந்தது. இப்பணிக்கு எரிபொருளோ தனிக் கட்டடமோ தேவையில்லை. இக்காரணங்களால் வீடுகள் உடனே பயன்படுத்தக்கூடிய உற்பத்தி இடங்களாயின.

1914 இலையுதிர் காலத்தில் கிச்சனரின் வேண்டுகோளின்படி அரசி மேரி 3,00,000 இணைக் காலுறைகளுக்கும் 3,00,000 வயிற்றுப்பட்டைகளுக்கும் அழைப்பு விடுத்தார். அரசி மேரி ஊசிவேலைச் சங்கம் நாடெங்கும் கிளைகளைக் கொண்டு இயங்கியது. ஆனால் ஒருங்கிணைப்பின்றி அனுப்பப்பட்டதால் ஒரு பிரிவுக்குத் தேவைக்கு மேல் கழுத்துத்துண்டுகள் சேர, மற்றொரு பிரிவுக்குக் காலுறை இல்லாத நிலை ஏற்பட்டது. இதைச் சீர்செய்ய 1915இல் தன்னார்வ அமைப்புகளின் தலைமை இயக்குநர் என்னும் பதவி உருவாக்கப்பட்டு, சர் எட்வர்ட் வார்ட் நியமிக்கப்பட்டார்.

காலுறையும் அகழிப் பாதமும்

மேற்குப் போர்முனையில் வீரர்கள் நீர் தேங்கிய அகழிகளில் நாட்கணக்கில் நின்றனர். ஈரமும் குளிரும் இறுகிய காலணியும் சேர்ந்து பாதத்துக்கான குருதி ஓட்டத்தைக் குறைத்தன. பாதம் வீங்கி, உணர்விழந்து, முற்றிய நிலையில் தசை அழுகியது. இந்நோய் அகழிப் பாதம் எனப்பட்டது. 1914-15 குளிர்காலத்தில் மட்டும் பிரித்தானியப் படையில் ஏறத்தாழ 20,000 பேர் இதனால் பாதிக்கப்பட்டனர். பலர் விரல்களையோ பாதத்தையோ இழந்தனர்.

பாதங்களை நாள்தோறும் சோதித்தல், திமிங்கில எண்ணெய் பூசுதல், உலர்ந்த காலுறைக்கு மாறுதல் ஆகியவை கட்டளையாக்கப்பட்டன. இதனால் ஒவ்வொரு வீரரும் மாற்றுக் காலுறைகளை உடன் வைத்திருக்க வேண்டியதாயிற்று. அணிந்தது ஈரமாக, துவைத்தது உலராமல், நடந்தது தேய்ந்துபோக, காலுறையின் தேவை ஓயவேயில்லை.

இங்குப் பின்னலின் தரமும் உடல்நலத்தோடு தொடர்புபட்டது. குதிகாலில் ஒரு முடிச்சோ, விரல் நுனியில் ஒரு தடித்த தையலோ இருந்தால் நெடுநடையின்போது கொப்புளம் உண்டாகும். அழுக்கு நீரில் அது புண்ணாகும். எனவே முடிச்சின்றி நூலை இணைப்பது எப்படி, விரல் பகுதியை மேடின்றி மூடுவது எப்படி என்பதை அறிவுறுத்தல் ஏடுகள் வலியுறுத்தின. விரல் பகுதியின் இரு வரிசைக் கண்ணிகளை ஊசியால் கோத்துத் தையல் தெரியாமல் இணைக்கும் முறை இன்று கிச்சனர் தையல் எனப்படுகிறது. இதைக் கிச்சனரே உருவாக்கினார் என்ற கதை வழங்கினாலும், கண்ணிகளைக் கோத்து இணைக்கும் இம்முறை 19ஆம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டிருந்தது.

இந்தியப் படையினர்

லாகூர், மீரட் ஆகிய இரு காலாட்படைப் பிரிவுகளைக் கொண்ட இந்தியப் படைக்கோட்டம் 1914 செப்டம்பர் இறுதி முதல் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் வந்திறங்கியது. அவ்வீரர்கள் வெப்பநாட்டுக்குரிய மெல்லிய பருத்திச் சீருடையில் வந்திருந்தனர். குளிர்கால உடுப்பு முழுமையாகக் கிடைப்பதற்கு முன்பே அக்டோபரில் அவர்கள் அகழிகளில் நிறுத்தப்பட்டனர். அம்மாதம் இலண்டனில் உருவான இந்தியப் படைவீரர் நிதி, கம்பளிக் குல்லாய், காலுறை, கையுறை முதலியவற்றை அவர்களுக்குத் திரட்டி அனுப்பியது. 1915ஆம் ஆண்டின் இறுதியில் இக்காலாட்படைப் பிரிவுகள் பிரான்சிலிருந்து அகற்றப்பட்டு மெசொப்பொத்தேமியாவுக்கு அனுப்பப்பட்டன.

பிற நாடுகள்

ஆஸ்திரேலியாவில் மாநில அமைப்புகள் இணைந்து 1916இல் ஆஸ்திரேலிய ஆறுதல் நிதியம் உருவானது. போர்க்காலத்தில் அங்குத் தன்னார்வலர்கள் 13 இலட்சத்துக்கும் மேற்பட்ட இணைக் காலுறைகளைப் பின்னினர். பலர் காலுறையினுள் தம் பெயரோ வாழ்த்தோ எழுதிய சிறு தாளை வைத்தனர். அதற்குப் போர்முனையிலிருந்து மறுமொழி வந்ததும் உண்டு. நியூசிலாந்தில் ஆளுநரின் மனைவி லிவர்பூல் சீமாட்டியின் முயற்சியால் 1915இல் பின்னல் கையேடு ஒன்று வெளியிடப்பட்டது.

ஐக்கிய அமெரிக்கா 1917 ஏப்ரலில் போரில் இறங்கியது. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் மேற்சட்டை, கழுத்துத்துண்டு, காலுறை, மணிக்கட்டுறை, தலைக்குல்லாய் ஆகியவற்றுக்குப் பொதுவான அளவுகளையும் நிறங்களையும் வகுத்து வெளியிட்டது. 1918 கோடையில் நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவில் மூன்று நாட்கள் பின்னல் கூட்டம் ஒன்று நடத்தப்பட்டது.

ஜெர்மனியில் இத்தகைய பொருட்கள் அன்புக் கொடைகள் என்னும் பொருள்படும் பெயரால் அழைக்கப்பட்டன. பிரித்தானியக் கடல் முற்றுகை கம்பளி இறக்குமதியைத் தடுத்ததால், பழைய கம்பளித் துணிகளைத் திரட்ட 1915 சனவரியில் பேரரசுக் கம்பளி வாரம் நடத்தப்பட்டது. போர் நீளநீள நூல் அரிதாகி, பின்னல் இயக்கமும் தளர்ந்தது.

கூலியற்ற உழைப்புக் குறித்த விவாதம்

1914இல் போர் தொடங்கியவுடன் பிரித்தானியாவில் ஆடைத் தொழிலிலிருந்த பல பெண்கள் வேலை இழந்தனர். வசதியுள்ள பெண்கள் கூலியின்றிச் சட்டைகளையும் காலுறைகளையும் செய்து குவித்தால், கூலிக்குச் செய்வோரின் வேலை பறிபோகும் என்று தொழிற்சங்கத்தினர் சுட்டிக்காட்டினர். தொழிற்சங்கத் தலைவர் மேரி மெக்கார்த்தர் இதில் முன்னின்றார். இதன் விளைவாக 1914 ஆகத்தில் பெண்கள் வேலைவாய்ப்புக்கான நடுவண் குழு அமைக்கப்பட்டு அவர் அதன் செயலாளரானார். வேலையிழந்த பெண்களுக்குக் கூலியுடன் பணி தருவதற்காக அரசியின் பெயரில் நிதியும் தொடங்கப்பட்டது. நல்லெண்ணத்தால் செய்யப்படும் இலவச உழைப்பு யாருடைய கூலியை இல்லாமலாக்குகிறது என்ற வினா இதன்வழி வெளிப்படையாக எழுந்தது.

இரண்டாம் உலகப் போர்

பிரித்தானியாவும் ஐக்கிய அமெரிக்காவும்

இரண்டாம் உலகப் போரில் (1939-1945) பிரித்தானியாவில் பின்னல் தொடக்கம் முதலே முறைப்படுத்தப்பட்டிருந்தது. தரைப்படை, கடற்படை, வான்படை ஆகியவற்றுக்கு உரிய நிறங்களில் தனித்தனிப் பின்னல் ஏடுகள் வெளிவந்தன. தொலைபேசியும் வானொலியும் இயக்குவோருக்காகக் காதுப் பகுதியில் திறக்கக்கூடிய மடிப்புகள் கொண்ட பலக்லாவா குல்லாய்கள் வடிவமைக்கப்பட்டன. 1941 சூன் 1 முதல் ஆடைப் பங்கீடு நடைமுறைக்கு வந்தபோது பின்னல் நூலுக்கும் பங்கீட்டுச் சீட்டு தேவைப்பட்டது. பதிவு செய்த குழுக்களுக்குப் படையினருக்கான நூல் சீட்டின்றிக் கிடைத்தது. 1941 ஆகத்தில் தொடங்கிய ஆர்க்டிக் கப்பல் தொடரணிகளில் சென்ற மாலுமிகளுக்குத் தடித்த கம்பளி உடுப்புகள் இன்றியமையாதனவாக இருந்தன.

பிரித்தானியக் கமாண்டோக்கள் 1942இல் பச்சைத் தொப்பி வழங்கப்படும் வரை குழாய்க் குல்லாயை அணிந்தனர். இன்றும் அரச மரைன் பயிற்சியாளர்கள் கமாண்டோப் பயிற்சிக் கட்டத்தில் இக்குல்லாயை அணிகின்றனர்.

ஐக்கிய அமெரிக்காவில், அந்நாடு போரில் இறங்குவதற்கு முன்பே, 1940இல் பிரித்தானியாவுக்கான பொதிகள் என்னும் பொருள்படும் அமைப்பு நியூயார்க்கில் தொடங்கப்பட்டுப் பின்னல் பொருட்களை அனுப்பியது. லைஃப் இதழ் 1941 நவம்பர் 24 நாளிட்ட பதிப்பின் அட்டைக் கட்டுரையாகப் பின்னல் கற்பிக்கும் கட்டுரையை வெளியிட்டது. 1942இல் கம்பளிப் பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடு வந்தது. அதே ஆண்டில் அமெரிக்கத் தரைப்படை எம்1941 என்னும் சிறு விளிம்புடைய பின்னல் குல்லாயை எஃகுத் தலைக்கவசத்தின் அடியில் அணிவதற்காக ஏற்றது. இது ஆலைகளில் பெருமளவில் செய்யப்பட்டது. கைப்பின்னலின் இடத்தை இயந்திரம் எடுத்துக்கொண்டதை இது காட்டுகிறது.

கிழக்குப் போர்முனை

1941 சூன் 22 அன்று ஜெர்மனி சோவியத் ஒன்றியத்தின் மீது படையெடுத்தது. குளிர்காலத்துக்குள் வெற்றி கிட்டும் என்ற கணிப்பில், போரிடும் படை முழுவதற்குமான குளிர்கால உடுப்பு உரிய காலத்தில் அனுப்பப்படவில்லை. நெரிசலான இருப்புப்பாதைகளில் வெடிமருந்துக்கும் எரிபொருளுக்கும் முன்னுரிமை தரப்பட்டது. 1854இல் செவஸ்தபோலின் முன் நிகழ்ந்தது பன்மடங்கு பெரிய அளவில் மீண்டும் நிகழ்ந்தது எனலாம்.

1941 டிசம்பரில் பரப்புரை அமைச்சர் கோயபல்சு கம்பளி, மென்மயிர் உடுப்புகளைப் படைக்குத் தருமாறு மக்களைக் கேட்டுக்கொண்டார். சில வாரங்களில் ஏறத்தாழ 6.7 கோடிப் பொருட்கள் திரண்டன. திரட்டப்பட்ட பொருட்களைக் கையாடுவோருக்கு மரணதண்டனை என 1941 டிசம்பர் 23 அன்று ஆணை பிறப்பிக்கப்பட்டது. அக்குளிர்காலத்தில் கிழக்கில் போரிட்டோருக்காக 1942இல் உருவாக்கப்பட்ட பதக்கத்தை ஜெர்மானிய வீரர்களே உறைந்த இறைச்சிப் பதக்கம் என்று எள்ளலாக அழைத்தனர்.

இத்திரட்டலின் கொடிய பகுதி ஆக்கிரமிக்கப்பட்ட போலந்தில் நடந்தது. 1941 டிசம்பர் இறுதியில் வார்சா உள்ளிட்ட யூதச் சேரிகளில் அடைக்கப்பட்டிருந்தோர் தம்மிடமிருந்த மென்மயிர் உடுப்புகள் அனைத்தையும் ஒப்படைக்க வேண்டும், தவறினால் மரணதண்டனை என ஆணையிடப்பட்டது. பசியிலும் நோயிலும் மடிந்துகொண்டிருந்த மக்களிடமிருந்து அவர்களின் கடைசிக் குளிர்காப்பும் பறிக்கப்பட்டது. ஒரு படையின் திட்டமிடல் தவறுக்கான விலையை, அப்படையால் சிறைவைக்கப்பட்டோர் செலுத்தினர்.

சோவியத் ஒன்றியத்திலும் 1941 செப்டம்பரிலிருந்தே மக்களிடம் குளிர்கால உடுப்புகள் திரட்டப்பட்டன. பெண்கள் பின்னி அனுப்பிய கையுறைகளுள் துப்பாக்கி விசையை இழுப்பதற்காகச் சுட்டுவிரலுக்குத் தனி உறை கொண்டவையும் இருந்தன.

நார்வேயின் சிவப்புக் குல்லாய்

பின்னல் குல்லாய் எதிர்ப்பின் அடையாளமாகவும் ஆகியுள்ளது. ஜெர்மனியின் ஆக்கிரமிப்பில் இருந்த நார்வேயில் மக்கள் கூம்பு வடிவச் சிவப்புப் பின்னல் குல்லாய்களை அணிந்து தம் எதிர்ப்பைக் காட்டினர். 1942 பிப்ரவரி 26 முதல் இக்குல்லாய்களை அணிவது தடைசெய்யப்பட்டது.

இந்தியா: 1962

1962 அக்டோபர் 20 அன்று தொடங்கிய இந்திய-சீனப் போரில் இந்திய வீரர்கள் பலர் போதிய குளிர்கால உடையின்றி, பருத்திச் சீருடையிலும் கித்தான் காலணியிலும் இமயத்தின் உயர்ந்த மலைப்பகுதிகளில் நிறுத்தப்பட்டிருந்தனர். இது வெளியில் தெரிந்ததும் நாடெங்கும் பெண்களும் மாணவியரும் வீரர்களுக்காகக் கம்பளி மேற்சட்டைகளையும் காலுறைகளையும் பின்னி அனுப்பினர். தேசியப் பாதுகாப்பு நிதிக்குப் பலர் தம் நகைகளை அளித்தனர். ஆயத்தமின்மை குறித்து எழுந்த கடும் கண்டனத்தால் பாதுகாப்பு அமைச்சர் வி. கே. கிருஷ்ண மேனன் பதவி விலக நேர்ந்தது. வழங்கல் குறை வெளிப்படுதல், மக்கள் உடுப்பு அனுப்புதல், பொறுப்பிலிருந்தோர் விலகுதல் என்னும் கிரீமியப் போர்க்கால வரிசை இங்கும் காணப்படுகிறது.

ஒப்பிடத்தக்க வழக்கங்கள்

ஜப்பானில் செந்நின்பாரி (ஆயிரம் பேர் தையல்) என்னும் வழக்கம் இருந்தது. ஒரு துணிப் பட்டையில் ஆயிரம் பெண்கள் ஆளுக்கொரு முடிச்சுத் தையல் இடுவர். போருக்குச் செல்பவர் அதை வயிற்றில் கட்டிக்கொள்வார். இது பின்னல் அன்று. எனினும் உடலைக் காக்கும் பட்டையில் பலருடைய கைகளும் சேரவேண்டும் என்னும் எண்ணம் இரண்டுக்கும் பொதுவானது. போருக்கு அனுப்பப்படுபவரைத் தடுக்க இயலாத நிலையில், அவருக்காகச் செய்யக்கூடிய ஒன்றாக இவை அமைந்தன.

மதிப்பீடு

போர்க்காலக் கைப்பின்னலின் பயன் குறித்து இருவகைக் கருத்துகள் உள்ளன. அளவு ஒவ்வாமை, சீரற்ற தரம், சமமற்ற பகிர்வு, ஆலைகளுக்குச் செல்லவேண்டிய நூல் சிதறுதல் ஆகியவை குறைகளாகச் சொல்லப்படுகின்றன. ஒரு இணைக் காலுறையைக் கையால் பின்னத் தேர்ந்தவருக்கும் பல மணி நேரம் ஆகும். இயந்திரம் அதை மிகக் குறைந்த நேரத்தில் செய்துவிடும். ஆனால் போரின் முதல் மாதங்களில் இயந்திர உற்பத்தி பெருகும் வரையிலான இடைவெளியில் கைப்பின்னல் உண்மையான பயன் தந்தது. அளவும் நிறமும் அறிவுறுத்தலும் தெளிவாகத் தரப்பட்டு, ஒரே அமைப்பின் வழியாகப் பகிரப்பட்ட இடங்களில் அதன் பயன் கூடியது.

அரசுகள் இதை மன உறுதியைப் பேணும் வழியாகவும் பயன்படுத்தின. எனினும் மக்கள் பின்னி அனுப்பும் ஒவ்வொரு காலுறையும் அரசு ஏன் அதை வழங்கவில்லை என்ற வினாவையும் உடன் எழுப்பியது. 1855இல் அபெர்தீன் அரசை வீழ்த்தியதும் அவ்வினாவே.

பிற்காலம்

1950களுக்குப் பின் செயற்கை இழைகளும் ஆலை உற்பத்தியும் பரவியதால் படைகள் கைப்பின்னலைச் சார்ந்திருக்கும் நிலை பெரும்பாலும் மறைந்தது. முகத்தை மறைக்கும் இயல்பால் பலக்லாவா குல்லாய் ஆயுதக் குழுக்களோடும் சிறப்புப் படைகளோடும் தொடர்புபடுத்தப்பட்டது. 1980இல் இலண்டனில் ஈரானியத் தூதரகத்தை மீட்ட பிரித்தானிய வீரர்கள் முகம் மறைத்துத் தோன்றிய காட்சி தொலைக்காட்சியில் பரவியது. மலையேறுவோர், பனிச்சறுக்கு வீரர், பந்தயக் கார் ஓட்டுநர் ஆகியோரும் இதன் வடிவங்களை அணிகின்றனர்.

கைப்பின்னல் வழக்கம் முற்றிலும் அற்றுப்போகவில்லை. உக்ரைனில் 2014 முதலும், 2022இல் ரஷ்யாவின் முழு அளவிலான படையெடுப்புக்குப் பின்னரும், தன்னார்வலர்கள் உருமறைப்பு வலைகளோடு கம்பளிக் காலுறைகளையும் செய்து போர்முனைக்கு அனுப்பி வந்துள்ளனர்.

இவற்றையும் பார்க்க

- கிரீமியப் போர்
- பலக்லாவாப் போர்
- அகழிப் போர்முறை
- பனிக்கடி
- கம்பளி
- பின்னல்
- செஞ்சிலுவைச் சங்கம்
- இந்திய-சீனப் போர்